அந்த மோதிர விரலைத் தூக்காதே!

அலமாரிக்கு மேலே உறை மாட்டிக் கிடக்கும் கிட்டாரை இறக்கு. தூசியைத் தட்டு. சுருதி சேர்த்து மடியில் வைத்துக்கொள். இதைக் கண் மட்டும் படித்தால் போதாது. கையும் கூடவே படிக்க வேண்டும்.

நீ எந்த இடத்தில் விட்டாய் என்று எனக்குத் தெரியும். சி வந்தது. ஜி வந்தது. ஏ மைனரும் இ மைனரும் சில நாட்களில் கைக்குப் படிந்தன. நாலு பாட்டுக்குக் கார்டு பிடித்துக் காட்டினாய். வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் ஒரு பாட்டில் எஃப் வந்தது. ஆள்காட்டி விரலை ஆறு தந்திக்கும் குறுக்கே படுக்கப்போட்டு அமுக்கினாய். 'டொக் டொக்' என்று கட்டைச் சத்தம்தான் கேட்டது. மணிக்கட்டு கடுத்தது. எப்படியோ பிடித்துவிட்டாலும், அங்கிருந்து சி-க்குத் திரும்புவதற்குள் பாட்டு இரண்டு வரி தாண்டிப் போய்விட்டது.

உடனே மூன்று காரணங்களை அடுக்கினாய். "என் விரல் குட்டை." "என் கைக்கு பலம் போதாது." "இதெல்லாம் பிறவியிலேயே வரணும்." கிட்டார் உறைக்குள் போனது.

தம்பி, தங்கை! மூன்றும் பொய். அந்த மூன்று பொய்யையும் இன்றைக்கே போட்டு உடைப்போம், வா!

எதிரியின் அளவைப் பார்

பயம் எப்போதும் எதிரியைப் பெரிதாக்கிக் காட்டும். எண்ணிப் பார்த்தால்தான் உண்மை அளவு தெரியும். எண்ணுவோம்.

சி மேஜரில் அமைந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள். அதில் வழக்கமாக வரும் கார்டுகள் சி, டி மைனர், இ மைனர், எஃப், ஜி, ஏ மைனர். ஆறில் ஐந்து, சில தந்திகளைத் திறந்தே ஒலிக்கவிடும் ஓபன் கார்டு. பார் போட்டு, அதாவது ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்க வேண்டியது எஃப் ஒன்றே ஒன்று. ஜி மேஜருக்கு வா. ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, இ மைனர். இங்கும் ஐந்து ஓபன். பி மைனர் மட்டும் பார் கார்டு. கிட்டார் கற்பவர்கள் அதிகம் புழங்கும் இரண்டு ஸ்கேல்களில் உன்னை வழிமறித்து நிற்பவை இரண்டே இரண்டு கார்டுகள். இரண்டு கார்டுக்குப் பயந்தா இசையை விட்டாய்?

வென்றால் என்ன கிடைக்கும் என்பதையும் பார். எஃப் பிடித்த அதே கையை அப்படியே இரண்டு ஃப்ரெட் மேலே நகர்த்து, ஜி. இன்னும் இரண்டு நகர்த்து, ஏ. கை வடிவம் மாறவே இல்லை. அந்த ஒரு வடிவம் 12 மேஜர் கார்டுகளைத் தரும். நடுவிரலை மட்டும் தூக்கிவிட்டு ஆள்காட்டி விரலை மூன்றாம் தந்தியிலும் நன்றாகப் பதித்தால் 12 மைனர் கார்டுகள். ஒரே ஒரு வடிவத்துக்கு 24 கார்டுகள் பரிசு! இவ்வளவு பெரிய புதையலுக்கு வாசற்படியில் நின்றுகொண்டு, படி உயரமாக இருக்கிறதே என்று திரும்பிவிட்டாயே!

"கேப்போ போட்டுச் சமாளித்துக்கொள்வேன்" என்கிறாயா? தந்திகளைக் குறுக்கே கவ்விப் பிடிக்கும் கேப்போ நல்ல கருவி. பெரிய கலைஞர்களும் போடுகிறார்கள். அவர்கள் வேண்டிய ஒலிக்காகப் போடுகிறார்கள். நீ பயத்தை மறைக்கப் போடுகிறாய். ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி சி வடிவங்களால் எஃப் மேஜர் பாட்டை வாசித்துப் பார். பாட்டின் நடுவே பி ஃப்ளாட் வரும். அந்த இடத்தில் நீ பிடிக்க வேண்டிய வடிவம் என்ன தெரியுமா? அதே எஃப் வடிவம்! ஓடி ஒளிந்த இடத்திலும் வந்து நிற்கும். ஆகவே ஓடாதே. திரும்பி நின்று முகத்தைப் பார்.

பலம் போதாது என்ற பொய்

ஆள்காட்டி விரல் ஆறு தந்தியையும் ஒரே சீராக அமுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் கையை இறுக்கினாய். எஃப் கார்டை உற்றுப் பார். ஐந்தாம் தந்தியை மோதிர விரல் மூன்றாம் ஃப்ரெட்டில் பிடித்திருக்கிறது. நான்காம் தந்தியை அதே ஃப்ரெட்டில் சுண்டு விரல் பிடித்திருக்கிறது. மூன்றாம் தந்தி இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரலிடம் இருக்கிறது. ஆள்காட்டி விரலின் பொறுப்பில் மிச்சம் இருப்பவை எவை? ஆறாவது, இரண்டாவது, முதலாவது. மூன்றே தந்திகள். நடுவில் உள்ள மூன்றின் மேல் அந்த விரல் சும்மா படுத்திருந்தால் போதும். தேவைக்கு இரண்டு மடங்கு சண்டை போட்டுவிட்டு, "எனக்கு பலம் இல்லை" என்று உன்னையே நொந்துகொண்டாய்.

விரலின் உட்புறம் சதையால் ஆனது. மூட்டு மடிப்புகளில் பள்ளம் உண்டு. தந்தி அந்தப் பள்ளத்தில் விழுந்தால் ஒலி செத்துவிடும். விரலைக் கொஞ்சம் கட்டை விரல் பக்கமாகப் புரட்டு. எலும்பு ஓரம் தந்தியில் படட்டும். ஃப்ரெட் கம்பியை ஒட்டிவை. விரலை ஒரு நூல் அளவு மேலேயோ கீழேயோ நகர்த்தி, பள்ளத்தில் விழுந்த தந்தியைக் கரையேற்று. ஒவ்வொரு தந்தியாக மீட்டி, எது ஊமையாக இருக்கிறது என்று கேள். ஆறில் ஐந்து ஒலித்தால் நீ தோற்கவில்லை. வேலை ஒரு தந்தியில் மட்டும் பாக்கி இருக்கிறது.

அடுத்து, கட்டை விரல். கிட்டார்க் கழுத்தின் பின்புறம் நடுவில் அது ஓய்வாக இருக்க வேண்டும். இடுக்கிபோல நசுக்காதே. முழங்கையை உடம்புப் பக்கம் லேசாகக் கொண்டுவந்து, கையின் எடையால் தந்தியைப் பின்னோக்கி இழு. கட்டை விரலை முழுதாக எடுத்துவிட்டு பார் போட்டுப் பார், ஓரளவு ஒலிக்கும். அந்தக் கணத்தில் உனக்கே விளங்கிவிடும்: இது நசுக்கும் வேலையே இல்லை.

இன்னொன்று. முதல் ஃப்ரெட், கழுத்தின் நுனியில் தந்திகளைத் தாங்கும் நட்டை ஒட்டி இருக்கிறது. தந்தி அங்கேதான் மிகவும் விறைப்பாக நிற்கும். ஆக, பார் கார்டுகளிலேயே கடினமான இடத்தில் போய் நீ முதல் பாடம் தொடங்கியிருக்கிறாய்! ஐந்தாம் ஃப்ரெட்டில் அதே வடிவத்தைப் பிடி. அங்கே ஒலித்த பிறகு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று படிப்படியாக இறங்கி வா.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழி உனக்கு வேண்டாம். ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் சரி செய்துவிடு. 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த தந்தி 2.5 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பி நின்றாலோ, நட்டில் தந்தி உயரமாக உட்கார்ந்திருந்தாலோ, கிட்டார் பழுது பார்க்கும் கடையில் கொடுத்து ஆக்ஷனை, அதாவது தந்தியின் உயரத்தை, குறைக்கச் சொல். 12 கேஜ் தந்திக்குப் பதில் 11 அல்லது 10 கேஜ் போடு. ஒரே ஒரு முறை இதைச் செய். அதற்குப் பிறகு கருவியைக் குறை சொல்லும் உரிமையை நீயே விட்டுக்கொடுத்துவிடு.

விரல் நுனி எரிந்தால் பயப்படாதே, தோல் கெட்டிப்பட்டுக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் மட்டும் உடனே நிறுத்து. உடம்பை வதைப்பது வீரம் ஆகாது. கையை உதறி, ஓய்வு கொடுத்து, பிடியைத் தளர்த்திக்கொண்டு திரும்பி வா.

பாட்டு இருப்பது நடுவழியில்

இப்போது இந்தக் கட்டுரையின் உயிருக்கு வருகிறேன். நீ சி பழகினாய். எஃப் பழகினாய். சி-யிலிருந்து எஃப்-க்குப் போகும் வழியை என்றைக்காவது பழகினாயா? பாட்டு அந்த வழியில்தானே இருக்கிறது!

கிட்டாரில் சி பிடி. மோதிர விரல் ஐந்தாம் தந்தி, மூன்றாம் ஃப்ரெட். நடுவிரல் நான்காம் தந்தி, இரண்டாம் ஃப்ரெட். ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தி, முதல் ஃப்ரெட். பிடித்துவிட்டாயா? இனி எஃப்-ஐ நினைத்துப் பார். அதில் மோதிர விரலுக்கு எந்த இடம்? ஐந்தாம் தந்தி, மூன்றாம் ஃப்ரெட். அதே இடம்! அந்த விரல் ஒரு மயிரிழைகூட அசைய வேண்டியதில்லை. நடுவிரல் இரண்டாம் ஃப்ரெட்டிலேயே இருந்துகொண்டு நான்காம் தந்தியிலிருந்து மூன்றாம் தந்திக்கு ஒரு படி இறங்குகிறது. அது காலி செய்த நான்காம் தந்தியில், மோதிர விரலுக்குப் பக்கத்தில், சுண்டு விரல் வந்து அமர்கிறது. ஆள்காட்டி விரல் அதே முதல் ஃப்ரெட்டில், நின்ற நிலையிலிருந்து படுக்கிறது. அவ்வளவுதான் பயணம்.

நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? நான்கு விரலையும் காற்றில் தூக்கிவிட்டு, எஃப்-ஐ வெட்டவெளியில் புதிதாகக் கட்டினாய். கையில் இருந்ததை விட்டுவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினாய். உன்னைத் தோற்கடித்தது அது ஒன்றுதான். அந்த மோதிர விரலைத் தூக்காதே!

இப்போது வலது கையால் மீட்டாமல், இடது கையை மட்டும் நகர்த்து. சி. மோதிர விரல் அசையாமல் இருக்கட்டும். நடுவிரல் நகரட்டும், சுண்டு விரல் உட்காரட்டும், ஆள்காட்டி விரல் படுக்கட்டும். எஃப். திரும்பு. சுண்டு விரல் எழட்டும், நடுவிரல் பழைய இடத்துக்குப் போகட்டும், ஆள்காட்டி விரல் நுனியில் எழுந்து நிற்கட்டும். சி. விரல்களைத் தந்தியிலிருந்து உயரத் தூக்காதே. அழுத்தத்தை மட்டும் தளர்த்து. தந்தியை உரசியபடி நகரும் விரல்தான் சீக்கிரம் போய்ச் சேரும். மெதுவாகச் செய். இன்னும் மெதுவாக. அவசரமாகத் தவறிக்கொண்டே பழகினால் கை அந்தத் தவறையும் விசுவாசமாகக் கற்றுக்கொள்ளும். சரியாக, நிதானமாகச் செய்தால் அதையும் அதே விசுவாசத்தோடு கற்றுக்கொள்ளும். எதைக் கற்றுக்கொடுப்பது என்பது உன் முடிவு.

இ கார்டிலும் இப்படி ஒரு வழி ஒளிந்திருக்கிறது. இ-யை வழக்கமான விரல்களால் பிடிக்காமல் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றாலும் பிடி. ஆள்காட்டி விரல் சும்மா இருக்கிறதா? மூன்று விரலையும் அப்படியே ஒரு ஃப்ரெட் தள்ளு. ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் படுக்கவை. எஃப் வந்துவிட்டது! ஓபன் கார்டில் நட் செய்த வேலையை இங்கே உன் ஆள்காட்டி விரல் செய்கிறது. ஏ மைனரையும் அதே மூன்று விரல்களால் பிடித்து, இரண்டு ஃப்ரெட் தள்ளி, இரண்டாம் ஃப்ரெட்டில் ஐந்தாம் தந்திவரை பார் போடு. உன்னை மிரட்டிய பி மைனர் உன் கையில். ஓபன் கார்டும் பார் கார்டும் வேறு வேறு சாதி என்று யார் சொன்னது? ஒன்றை நகர்த்தினால் மற்றொன்று.

வலது கை நிற்கக் கூடாது

மலைப்பாதையில் பேருந்து ஓட்டும் டிரைவரைக் கவனித்திருக்கிறாயா? ஒவ்வொரு வளைவிலும் கியர் மாற்றுகிறார். அதற்காக வண்டியை நிறுத்துகிறாரா? நிறுத்தினால் வண்டி பின்னால் உருண்டுவிடும். உன் வலது கையும் அப்படியே. இடது கை எஃப்-க்குப் போய்ச் சேரவில்லை என்பதற்காக ஸ்ட்ரம்மிங்கை நிறுத்தாதே. தாளம் போய்க்கொண்டே இருக்கட்டும்.

நான்காம் எண்ணிக்கையின் பின்பாதியில் கை மேல்நோக்கி வரும்போது, இடது கை தந்திகளை விட்டு வழியில் இருக்கும். அந்த அரை எண்ணிக்கைக்குத் திறந்த தந்திகளே ஒலிக்கட்டும். தேர்ந்த கலைஞர்களும் இதைத்தான் செய்கிறார்கள். காது கொடுத்துக் கேட்டால் பல பதிவுகளில் பிடிபடும். ஒரு கார்டு லேசாக மங்கி ஒலித்தால் கேட்பவர் மன்னித்துவிடுவார். தாளம் அறுந்தால் பாட்டே அறுந்தது. முழுமையாகப் பிடித்த பிறகுதான் மீட்டுவேன் என்று காத்திருப்பவன் கடைசிவரை மீட்ட மாட்டான். பாதி ஒலித்தாலும் மீட்டு! அடுத்த சுற்றில் முக்கால் ஒலிக்கும்.

மிச்சம் இருப்பதைப் பார்த்தவர்கள்

"என் விரல் குட்டை" என்றாயே, இதைக் கேள். ஜாங்கோ ரைன்ஹார்ட் 1910-இல் பெல்ஜியத்தில் பிறந்த நாடோடிக் கிட்டார் கலைஞர். 1928-இல் பாரிஸ் அருகே அவர் குடியிருந்த வண்டி வீடு தீப்பற்றி எரிந்தது. பதினெட்டு வயது. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் கருகிச் சுருண்டுவிட்டன. தந்தி பிடிக்கும் கை அது. அவர் படுக்கையில் கிடந்தபடியே மீண்டும் பழகினார். ஆள்காட்டி விரல், நடுவிரல் என்ற இரண்டை வைத்துத் தனி வாசிப்பை அமைத்தார். சுருண்ட விரல்களுக்கும் கார்டுகளில் அவை எட்டிய அளவுக்கு வேலை கொடுத்தார். 1934-இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு சேர்ந்து பாரிஸில் தொடங்கிய குழு ஐரோப்பிய ஜாஸின் முகத்தையே மாற்றியது.

அந்தத் தீ இன்னொரு உயிருக்கு விளக்காயிற்று. 1965-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் ஒரு விபத்து. டோனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞரின் இரண்டு விரல் நுனிகள் துண்டாயின. இடது கைப் பழக்கம் உள்ளவர் அவர். தந்தி பிடிப்பது வலது கை. போனது அந்தக் கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும். உடைந்துபோயிருந்தவரிடம் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். ஜாங்கோவின் இசைத்தட்டு! அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிக்குக் குல்லாய் செய்தார். அதன்மேல் தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டார். 1970-இல் அவருடைய 'பிளாக் சாபத்' குழுவின் முதல் ஆல்பம் வந்தது. ஹெவி மெட்டல் என்ற இசை வகையே அங்கிருந்து கிளைத்தது.

இருவரும் எது போயிற்று என்ற கணக்கோடு நின்றிருந்தால் அவர்கள் பெயரை இன்று நாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம். எது மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார்கள். அதன்மேல் ஊன்றி நின்றார்கள்.

"எனக்கு வயதாகிவிட்டது, சின்ன வயசிலேயே தொடங்கியிருக்கணும்" என்று முணுமுணுக்கிறாயா? பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் படிக்கத் தொடங்கியபோது இருபதுகளின் நடுவில் இருந்தார். 1976-இல் 'அன்னக்கிளி' படம் வருவதற்கு முன்னால் மற்ற இசையமைப்பாளர்களிடம் கிட்டார் வாசித்தார். கிராமத்து மெட்டுகளைக் கீழே போட்டுவிட்டா அவர் மேற்கத்திய இசைக்குப் போனார்? அவற்றில் ஊன்றிக்கொண்டே போனார்.

பதினைந்து நிமிடம் கொடு

தினமும் 15 நிமிடம் போதும். முதல் 3 நிமிடம் ஐந்தாம் ஃப்ரெட்டில் பார் போடு. தந்தி தந்தியாக மீட்டிக் கேள். அடுத்த 5 நிமிடம் சி-யிலிருந்து எஃப், எஃப்-இலிருந்து சி; மீட்டாமல், இடது கை மட்டும். அடுத்த 5 நிமிடம் மெட்ரோநோமை 60-இல் வை. நான்கு எண்ணிக்கை சி, நான்கு எண்ணிக்கை எஃப். தடுமாறினால் 50-க்கு இறக்கு, வெட்கப்படாதே. தடுமாறாமல் வந்த பிறகே வேகத்தைக் கூட்டு. கடைசி 2 நிமிடம் உனக்கு உயிரான ஒரு பாட்டு.

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஆறு நாள் தொடாமல் இருக்காதே. அன்றாடம் தொடு. பகலில் பழகியதை நீ தூங்கும்போது மூளை பதித்துக்கொள்கிறது; நேற்று முரண்டு பிடித்த மாற்றம் இன்று காலை கொஞ்சம் இணங்கி வரும். முதல் வாரம் அசிங்கமாகத்தான் ஒலிக்கும். ஒலிக்கட்டும்! பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கட்டும்! அசிங்கமாக ஒலிக்கும் அந்த வாரத்தைத் தாண்டாமல் அழகாக வாசித்தவர் இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை.

எது அசைய வேண்டாம்?

எஃப் வசப்பட்டதும் நீ கிட்டாரை மட்டும் கற்றிருக்க மாட்டாய். கடினமான எந்த மாற்றத்தையும் அணுகும் முறையைக் கற்றிருப்பாய். நாளை நீ தமிழ் வழிப் பள்ளியிலிருந்து ஆங்கிலம் பேசும் கல்லூரிக்குப் போவாய். ஊரிலிருந்து நகரத்து வேலைக்குப் போவாய். மாதச் சம்பளத்தை விட்டுச் சொந்தத் தொழிலில் இறங்குவாய். அப்போதெல்லாம் பதற்றம் உன் காதில் சொல்லும்: "பழையது எல்லாவற்றையும் விடு, நீ இங்கே பூஜ்யம்." நம்பாதே! உன் கணித அறிவு தமிழில் படித்ததாலேயே ஆங்கில வகுப்பில் கரைந்துவிடாது. ஊரில் நாலு பேரிடம் பேசிப் பழகிய பக்குவம் நகரத்தில் செல்லாக் காசாகிவிடாது. வேலையில் கற்ற ஒழுங்கு உன் கடைக்கும் முதலீடுதான்.

மாற்றம் வரும்போது முதல் கேள்வியை இப்படிக் கேள்: "என்னிடம் இருப்பதில் எது அசைய வேண்டியதில்லை?" அதைக் கண்டுபிடி. கெட்டியாகப் பிடி. மற்றதை ஒவ்வொன்றாக, நிதானமாக, தாளம் விடாமல் நகர்த்து.

எஃப்-க்கு அடுத்து பி மைனர் நிற்கும். அதற்கு அடுத்து எஃப் ஷார்ப் மைனர், பி ஃப்ளாட் என்று வரிசை கட்டி நிற்கும். நிற்கட்டும்! ஒவ்வொன்றிடமும் அதே கேள்வியோடு போ. ஒவ்வொன்றும் வழிவிடும். இன்று இரவு படுக்கும் முன் 15 நிமிடம். சி பிடி. மோதிர விரலை ஊன்று. மற்ற மூன்றையும் நகர்த்து. மீட்டு!